முத்து வந்த கதையும் அதுக்கு முன்னாடி போன ப்ரூனோவும்

எங்க நாய்க்குட்டி முத்து வீட்டுக்கு வந்து நேத்தோட 40 நாள் ஆச்சு. வாசல்ல நின்னு பாக்குறவங்க எல்லாரும் கேக்குற முதல் கேள்வி "என்ன விலை", ரெண்டாவது "எங்க வாங்குனீங்க, நம்பர் குடுங்க". விலையச் சொல்லிடுவேன். நம்பர் குடுக்குறதுக்கு முன்னாடி கொஞ்சம் உக்காருங்கன்னு சொல்லி ப்ரூனோ கதையில இருந்து ஆரம்பிப்பேன். ஒவ்வொரு தடவை சொல்லும்போதும் முக்கியமான எதாவது ஒண்ணு விட்டுப் போகுது, அதான் முழுசா இங்க எழுதிடுறேன்.

ப்ரூனோ மூணு வருஷத்துக்கு முன்னாடி வந்தான். எங்க பையன், தம்பின்னுதான் கூப்புடுவோம், அப்ப நாலாவது படிச்சுக்கிட்டு இருந்தான், லேப், அதான் லேப்ரடார் குட்டி வேணும்னு ஒரே அழுகை. வாட்ஸ்அப் குரூப்புல ஒரு போட்டோ வந்துச்சு, "45 நாள் குட்டி, ஒரிஜினல் லேப், ஊசி போட்டாச்சு, 8000"ன்னு. போன் போட்டு நேர்ல வந்து பாக்கலாமான்னு கேட்டேன், "உங்களுக்கு எதுக்கு மேடம் அலைச்சல், நாங்களே கொண்டாந்து தர்றோம்"னு சொன்னாங்க. எவ்வளவு நல்ல மனசுன்னு நெனச்சேன், இன்னைக்கு அத நெனச்சா வயிறு எரியுது. காரைக்குடிக்கு வெளிய புதுக்கோட்டை ரோட்டுல ஒரு டீக்கடை முன்னாடி வரச் சொன்னாங்க, கார் டிக்கியத் தொறந்தா மூணு பழக்கூடை, ஒவ்வொரு கூடையிலயும் வேற வேற ஜாதிக் குட்டிங்க ஒண்ணு மேல ஒண்ணு படுத்துக் கெடக்கு. அதுல ஒண்ணத் தூக்கி தம்பி கையில குடுத்துட்டு காசு எண்ணி வாங்கிக்கிட்டு போயிட்டாங்க, மொத்தமே ரெண்டு மூணு நிமிஷம்தான் இருக்கும். குட்டிக்கு வயிறு நல்லா உருண்டையா இருந்துச்சு, கொழுகொழுன்னு இருக்கான்னு சந்தோஷப்பட்டோம். அது பூரா குடல்புழுன்னு பின்னாடி டாக்டர் சொல்லித்தான் தெரியும்.

மூணாவது நாள் பால் குடிக்கல. நாலாவது நாள் காலையில மஞ்சளா வாந்தி, சாயந்தரம் ரத்தமா பேதி. அந்த வாடை இருக்கே, ஒரு தடவை அந்த வாடையப் பிடிச்சவங்க மறக்கவே மாட்டாங்க. துண்டுல சுத்தி அரசு கால்நடை மருத்துவமனைக்குத் தூக்கிட்டு ஓடினேன். டாக்டர் வாடையிலயே பார்வோன்னு, குட்டிங்களக் கொல்ற வைரஸ் நோய்னு சொல்லிட்டாரு, அப்புறம் குட்டியோட உதட்டத் தூக்கி பல்லப் பாத்தாரு. கடவாப்பல் எல்லாம் இன்னும் சரியா வெளிய வரவே இல்ல, இது 45 நாள் குட்டி இல்லம்மா, 30, 35 நாள்தான் இருக்கும்னாரு. தடுப்பூசி அட்டையக் காட்டினேன். அதுல பேனாவால "வேக்சின்"னு எழுதி ஒரு தேதி, அவ்வளவுதான். ஊசி போட்டா அந்த மருந்து பாட்டில் மேல இருக்க சின்ன ஸ்டிக்கர கிழிச்சு அட்டையில ஒட்டணும், அதுல பேட்ச் நம்பர் இருக்கும், பக்கத்துல டாக்டர் கையெழுத்தும் அவரோட பதிவு எண்ணும் இருக்கணும், இது எதுவும் இல்லாட்டி அது வெறும் அட்டைதான்னு அவர் எனக்கு அன்னைக்குத்தான் காட்டிக் குடுத்தாரு.

கிருமி உள்ள போயி வெளிய தெரிய பெரும்பாலும் மூணுலருந்து ஏழு நாள் ஆகுமாம். அப்ப அந்தக் கூடையிலயோ அதுக்கு முன்னாடியோதான் வந்திருக்கு. ரெண்டு நாள் காலையும் சாயந்தரமும் டிரிப் ஏத்தினோம். ஆறாவது நாள் விடியக்காலை வளவுல, அதான் வீட்டு நடு முத்தத்துல, என் மடியிலயே போயிட்டான். தம்பி எந்திரிச்சு வந்து "தூங்குறானாம்மா"ன்னு கேட்டான். வித்தவங்களுக்கு போன் போட்டேன், "நீங்கதான் ஒழுங்கா பாத்துக்கல"ன்னு சொல்லி வச்சிட்டாங்க, அப்புறம் நம்பர பிளாக் பண்ணிட்டாங்க.

இந்தக் கிருமி மண்ணுல மாசக்கணக்குல உசுரோட கெடக்கும், அதனால ஒரு வருஷத்துக்கு ஊசி முழுசா முடியாத குட்டி எதையும் இந்த வீட்டுக்குள்ள கொண்டு வராதீங்கன்னு டாக்டர் கண்டிப்பா சொன்னாரு. ப்ளீச்சிங் பவுடர் கரைச்சு ஊத்தி ஊத்திக் கழுவினோம். சும்மா தண்ணி, பினாயில்னு கழுவுனா இது போகாதாம். ஒரு வருஷம் டாக்டர் சொன்னதுக்காகக் காத்திருந்தோம், மீதி ரெண்டு வருஷம் மனசு வரல.

அப்புறம் எங்க பொண்ணு பாப்பா வளந்து அவளும் நாய் நாய்னு ஆரம்பிச்சா. இந்தத் தடவை முறையாத்தான் வாங்குறதுன்னு முடிவு பண்ணிட்டோம். முதல்ல என்ன ஜாதின்னு பேச்சு. எங்க தெருவுக்கு ரெண்டு தெரு தள்ளி ஒரு வீட்டுல ஹஸ்கி வளத்தாங்க, பனி நாட்டு நாய், சித்திரை வெயில்ல அது ஏ.சி ரூம் கதவுக்கிட்டயே நாக்கத் தொங்கப் போட்டுக்கிட்டு படுத்திருக்கும், வெளிய வர மாட்டேங்கும். பாக்கவே பாவமா இருக்கும். 2024ல தமிழ்நாடு அரசு நாய் இனப்பெருக்கத்துக்குன்னு ஒரு கொள்கை கொண்டு வந்துச்சுல்ல, அதுல நம்ம தட்பவெப்பத்துக்கு ஆகாதுன்னு 11 வெளிநாட்டு ஜாதிகளப் பட்டியல் போட்டாங்க, ஹஸ்கி, செயின்ட் பெர்னார்ட், பக் எல்லாம் அதுல இருக்கு. நம்ம ஊரு ஜாதிகளா ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை நாலையும் வளத்தெடுக்கணும்னும் அதுல சொல்லியிருக்கு.

எங்க அயித்தை சின்ன வயசுல அவுக அப்பாரு ஆட்டுக் கெடை போட்ட ஆளு. "கெடைக்கு ஒரு நாயி இருந்துச்சுத்தா, நரி கிட்ட அண்டாது, புள்ளைகளத் தொட்டதே இல்ல, அது மாதிரி பாருங்க"ன்னாக. தெருக்குட்டிய எடுத்து வளக்கலாமேன்னு கேக்குறவங்களுக்கு, தாராளமா எடுங்க, எங்க பின்வாசல்ல ரெண்டு பேருக்கு தினமும் சோறு வைக்கிறோம், அதுங்களுக்கு கருத்தடையும் வெறிநாய்க்கடி ஊசியும் போட்டு வச்சிருக்கோம். காசு குடுத்து வாங்குறதுன்னு முடிவு பண்ணிட்டா யாருகிட்ட வாங்குறோம்ங்கிறதுதான் என் கவலை, ஏன்னா அந்தக் காசு எங்க போகுதோ அதுதான் பெருகும்.

ராஜபாளையம்னு முடிவாச்சு. 2005ல தபால் துறை நாய் ஸ்டாம்ப் போட்டப்ப அதுல ஒண்ணா வந்த ஜாதி. ஆனா ஒண்ண நல்லா புரிஞ்சுக்கங்க, இது லேப் மாதிரி வர்றவங்க போறவங்ககிட்ட எல்லாம் வாலாட்டாது, வீட்டு ஆளுங்களுக்கு உசுரக் குடுக்கும், வெளியாளுகள சந்தேகமாத்தான் பாக்கும். விசேஷம்னா அம்பது பேரு வந்து போற வீடா இருந்தா சின்னதுலருந்தே ஆளுகளப் பழக்கி விடணும். அதுக்கு நேரம் இல்லாட்டி வேற ஜாதி பாருங்க.

அஞ்சாறு பேருக்கு போன் போட்டேன். ஒருத்தர் "என்ன ஜாதி வேணும், எல்லாம் ரெடியா இருக்கு, நாளைக்கே அனுப்புறேன்"னாரு. வருஷம் பூரா எல்லா ஜாதிக் குட்டியும் ரெடியா இருக்குன்னா எத்தனை தாய்நாய்ங்க எங்க அடைஞ்சு கெடக்கும்னு யோசிச்சேன், வச்சிட்டேன். இன்னொருத்தர்கிட்ட வீடியோ கால்ல தாயக் காட்டுங்கன்னேன், "தாய் வேற ஊர்ல இருக்கு"ன்னாரு, பால் குடிக்கிற குட்டி இங்க, தாய் வேற ஊர்லயா? மூணாவது ஆளு "கே.சி.ஐ பேப்பர் வேணும்னா மூவாயிரம் சேத்துக் குடுங்க, பேப்பர் இருந்தா எல்லாம் கரெக்டா இருக்கும்"னாரு. கே.சி.ஐ பேப்பர், அதான் கென்னல் கிளப் ஆஃப் இந்தியா குடுக்குற சான்று, அப்பா அம்மா யாருன்னு சொல்லும், அதுவும் முக்கியம்தான், ஆனா குட்டி ஆரோக்கியமா இருக்கா, தாய எப்படி வச்சிருக்காங்கன்னு அந்தப் பேப்பர் சொல்லாது.

கடைசியா டாக்டர் மூலமா ராஜபாளையம் பக்கத்துல ஒரு தோட்டத்துக்காரர் நம்பர் கெடைச்சது. நாங்க அவர அண்ணாச்சின்னுதான் கூப்புடுறோம். குட்டி இருக்கான்னேன், "இப்ப இல்ல தங்கச்சி, தாய் சினையா இருக்கு, பொறக்கட்டும்"னாரு. அப்புறம் அவர் என்னக் கேள்வி கேக்க ஆரம்பிச்சாரு பாருங்க, இருபது நிமிஷம். வீட்டுல எத்தனை பேரு, பகல்ல யாரு இருப்பா, சின்னப் புள்ளைக எத்தனை வயசு, சுத்துச்சுவர் இருக்கா, சங்கிலியில கட்டிப் போடுவீங்களா, இதுக்கு முன்னாடி நாய் வளத்திருக்கீங்களா, அது என்னாச்சு. ப்ரூனோ கதையச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு "அது செத்து எத்தனை நாளாச்சு"ன்னு கேட்டாரு, மூணு வருஷம்னதும்தான் மேல பேசுனாரு.

சொந்த வீடான்னும் கேட்டாரு. நாங்க குடியிருக்கது ஒரு செட்டியார் வீட்டுல இரண்டாங்கட்டும் பின்கட்டும், வாடகைக்கு. முகப்பும் வளவும் பூட்டாம எங்க பொறுப்புலதான் இருக்கு, ஓனர் ஆச்சி சென்னையில இருக்காக. "ஓனர்கிட்ட கேட்டுட்டு அப்புறம் எனக்குப் போன் போடுங்க, ரெண்டு மாசம் கழிச்சு நாய் கூடாதுன்னு சொன்னா அதுதான் தெருவுக்கு வரும்"னாரு. நான் ஆச்சிக்குப் போன் போட்டேன். "வளத்துக்கங்க, தேக்குத் தூணப் பல்லால கடிக்காம மட்டும் பாத்துக்கங்கத்தா"ன்னாக. இந்தக் கேள்விய எனக்குக் கேக்கத் தோணவே இல்ல, விக்கிறவருக்குத் தோணியிருக்கு பாருங்க, அப்பவே மனசுல ஒரு நிம்மதி வந்துடுச்சு.

குட்டிங்க பொறந்து அஞ்சு வாரம் ஆனப்ப "இப்ப வந்து பாருங்க, பாக்கத்தான், கொண்டுபோக இல்ல"ன்னாரு. மதுரை, திருமங்கலம், ஸ்ரீவில்லிபுத்தூர்னு கார்ல நாலு மணி நேரத்துக்கு மேல ஆச்சு. கேட் கிட்டயே எங்கள நிறுத்திட்டாரு. "வர்ற வழியில வேற நாய் வளக்குற எடத்துக்கு எதுக்காவது போனீங்களா?" இல்லன்னோம். அப்பயும் செருப்ப வெளிய விட்டு, காலு கையக் கழுவ வச்சு, மருந்து கலந்த தண்ணி நனைச்ச சாக்குல மிதிச்சுத்தான் உள்ள விட்டாரு. பாப்பாவுக்கு இது கோயிலுக்குப் போற மாதிரி இருந்துச்சாம்.

மாமரத்தடியில தாய் படுத்திருந்துச்சு. பால் காம்பு எல்லாம் தொங்கி, குட்டி நகம் கீறுன தடம் வயித்துல தெரிஞ்சுச்சு, அதுதான் உண்மையிலயே பால் குடுக்குற தாய்ங்கிறதுக்கு அடையாளம். சில எடத்துல நல்லா கொழுத்த வேற ஒரு பொட்டை நாயக் காட்டி இதுதான் தாய்னு சொல்லிடுவாங்களாம். இது மெலிஞ்சுதான் இருந்துச்சு, ஆனா கண்ணுல சோர்வு இல்ல, எங்களப் பாத்து ஒரு தடவை உறுமுச்சு, அண்ணாச்சி கழுத்துல கைய வச்சதும் அடங்கிடுச்சு. நாலு வயசு, இது ரெண்டாவது ஈத்து. 2017ல மத்திய அரசு போட்ட விதியில எல்லாம் இருக்காம், 18 மாசம் ஆகாத பொட்டைய இணை சேக்கக் கூடாது, வருஷத்துக்கு ஒரு ஈத்துக்கு மேல கூடாது, ஆயுசுக்கும் அஞ்சுக்கு மேல போகக் கூடாது, எட்டு வாரம் ஆகாத குட்டிய விக்கக் கூடாது, வளக்குறவர் மாநில விலங்குகள் நல வாரியத்துல பதிஞ்சிருக்கணும். அவரோட பதிவுச் சான்ற நான் கேக்குறதுக்கு முன்னாடியே சுவத்துல மாட்டியிருந்ததக் காட்டுனாரு. அப்பா நாய் எங்கன்னு கேட்டேன், அது தென்காசிப் பக்கம் வேற ஒருத்தர் வீட்டு நாய், அண்ணன் தங்கச்சி, அப்பன் மகள்னு ஒரே ரத்தத்துல போட்டுப் போட்டுத்தான் இந்த ஜாதியவே கெடுத்து வச்சிருக்காங்கன்னு அவருக்கு ரொம்ப வருத்தம்.

அடுத்து அவர் செஞ்ச காரியத்த என்னால மறக்க முடியாது. ஏழு குட்டி. பால் குடிச்சிட்டு எல்லாம் தூங்குற வரைக்கும் எங்கள சத்தம் போடாம உக்காரச் சொன்னாரு. அப்புறம் அதுங்க கண்ணுக்குத் தெரியாம பின்னாடி போயி ஒரு எவர்சில்வர் தட்ட கல்லு மேல போட்டாரு. ஆறு தலை படக்குனு எந்திரிச்சுச்சு. ஏழாவது அப்படியே தூங்குது. இருக்கறதுலயே அழகான குட்டி அதுதான், பால் வெள்ளை, ரோஸ் மூக்கு, கண்ணு ரெண்டும் வெளிர் நீலம். பாப்பா வந்ததுலருந்து அதையேதான் பாத்துக்கிட்டு இருந்தா, தூக்கலாமான்னு நாலு தடவை கேட்டுட்டா. அண்ணாச்சி சொன்னாரு, "இதுக்குக் காது கேக்காது தங்கச்சி. ராஜபாளையத்துல முழு வெள்ளையில, அதுவும் நீலக்கண்ணு வர்றதுல இந்தக் குறை வரும். இந்த நீலக்கண்ண லட்சணம்னு சொல்லி டபுள் விலைக்கு விக்கிறவங்க இருக்காங்க." நாங்க கேட்டாலும் அத அவர் குடுக்கிறதா இல்ல, தன்கிட்டயே வச்சுக்குவாராம், இனப்பெருக்கத்துக்கும் விட மாட்டாராம். அதோட நிறுத்தல, ஒரு காது மட்டும் கேக்காம இருந்தா தட்டு சத்தத்துல தெரியாது, மீதி ஆறுலயும் அப்படி ஒண்ணு இருக்கலாம், அதையும் தெரிஞ்சு வாங்குங்கன்னு சொன்னாரு. விக்கிறவர் வாயிலருந்து தன் குட்டியப் பத்தி இப்படி ஒரு வார்த்தைய நான் கேட்டதே இல்ல.

வீட்டுத் தரை என்னன்னு கேட்டாரு. ஆத்தங்குடி கல்லுன்னேன். போட்டோ அனுப்பச் சொன்னாரு, வழவழன்னு கண்ணாடி மாதிரி இருக்கதப் பாத்துட்டு, குட்டி இதுல ஓடி ஓடி பின்னங்காலு ரெண்டும் அகண்டு போனா வளர்ற எலும்புக்கும் இடுப்புக்கும் கேடு, நடமாடுற எடம் பூரா சாக்கோ கயித்து மேட்டோ போடுங்கன்னாரு. எங்க வீட்டுக்காரர் அடுத்த நாளே அரிசிக் கடையில சாக்கு வாங்கிட்டு வந்து அயித்தையும் அவரும் உக்காந்து ஒண்ணோட ஒண்ணு சேத்துத் தைச்சாங்க. இன்னைக்கு எங்க கட்டுல அந்தப் பூப்போட்ட கல்லு பாதி தெரியாது, ஆச்சி வந்து பாத்தா என்ன சொல்வாகளோ.

குட்டிய 60 நாள் முடிஞ்சுதான் குடுத்தாரு. நாங்க சீக்கிரம் குடுங்களேன்னு ஒரு தடவை கேட்டுப் பாத்தோம், முடியாதுன்னுட்டாரு. தாயோடவும் கூடப் பொறந்ததுங்களோடவும் இருந்தாத்தான் எவ்வளவு அழுத்திக் கடிச்சா வலிக்கும்னு குட்டி கத்துக்குமாம், ஒண்ணு அழுத்திக் கடிச்சா மத்தது வீல்னு கத்திட்டு விளையாட்ட நிறுத்திடும், அதுல படிக்கிற பாடத்த நம்மளால சொல்லிக் குடுக்க முடியாதாம். சின்னப் புள்ளைக இருக்க வீட்டுக்கு இதுதான் ரொம்ப முக்கியம்னு எனக்கு இப்பப் புரியுது, முத்து தம்பி கைய வாயில வச்சா ஆன்னதும் விட்டுடுறான்.

குட்டிய நாங்க எடுக்கல, அவர்தான் எடுத்துக் குடுத்தாரு. பாய்ஞ்சு வந்து எங்க மேல ஏறுனத தோட்டக் காவலுக்கு ஒருத்தர் கேட்டிருக்காருன்னு ஒதுக்கிட்டாரு, மூலையில பயந்து உக்காந்திருந்ததையும் வேணாம்னாரு, நடுவுல வந்து மோந்து பாத்துட்டு பாப்பா காலுக்குப் பக்கத்துல படுத்த ஆண் குட்டி எங்களுக்கு. தொப்புள் வீங்கியிருக்கான்னு அமுக்கிக் காட்டுனாரு, ஈறு ரோஸா இருக்கான்னு காட்டுனாரு, காதுக்குள்ள மோந்து பாக்கச் சொன்னாரு. புழு மருந்து குடுத்த தேதி ரெண்டாவது வாரத்துலருந்து வரிசையா எழுதியிருந்துச்சு, ஊசி அட்டையில ஸ்டிக்கர், கையெழுத்து, பதிவு எண் எல்லாம் இருந்துச்சு, குட்டி தோலுக்கடியில வச்ச மைக்ரோசிப் நம்பரும் இருந்துச்சு. அந்த ஸ்டிக்கர நான் விரலால தடவிப் பாத்தேன், எங்க வீட்டுக்காரர் ஒண்ணும் சொல்லாம என்னையே பாத்துக்கிட்டு இருந்தாரு.

12000 குடுத்தோம். ஒரு பேப்பர்ல எழுதி ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டோம். மூணு நாளைக்குள்ள எங்க டாக்டர்கிட்ட காட்டணும், அவர் எதாவது குறை சொன்னா குட்டியத் திருப்பிக் குடுத்துட்டு காசு வாங்கிக்கலாம். எந்த வயசுல எந்தக் காரணத்துக்காக வளக்க முடியாமப் போனாலும் வேற யாருக்கும் குடுக்காம அவருக்குத்தான் முதல்ல போன் போடணும். இப்படி எழுதித் தராத எடத்துல நான் இனி வாங்க மாட்டேன், நீங்களும் வாங்காதீங்க.

வர்ற வழியில அவர் குடுத்த பழைய சாக்குத் துண்டு ஒண்ணு, தாயோட வாசம் உள்ளது, அது மேலதான் முத்து தூங்கிட்டு வந்தான். முதல் ராத்திரி கொஞ்சம் ஊளையிட்டான், அந்தத் துண்டப் பக்கத்துல போட்டதும் அடங்கிட்டான். ஊசி எல்லாம் முடியிற 16 வாரம் வரைக்கும் தெருவுல தரையில விடாம தூக்கிக்கிட்டே ஆளுகளையும் ஆட்டோவையும் காட்டுறோம், கோயில் மேளச் சத்தத்துக்குக் கூட இப்ப பயப்படுறதில்ல. போன வாரம் வெறிநாய்க்கடி ஊசியும் போட்டாச்சு.

அண்ணாச்சி ஞாயித்துக்கிழமை ஆனா எடை எவ்வளவுன்னு கேட்டு போன் போடுறாரு. பாப்பா போனப் புடுங்கி அந்த நீலக்கண்ணு குட்டி எப்படி இருக்குன்னு கேப்பா. நேத்து ஒரு வீடியோ அனுப்பியிருந்தாரு. மாமரத்தடியில அது அந்தப் பக்கம் திரும்பிப் படுத்திருக்கு, அண்ணாச்சி பின்னாடி நின்னு மண்ணுல காலால ரெண்டு தட்டு தட்டுறாரு, சட்டுனு எந்திரிச்சுத் திரும்பிப் பாக்குது, அவர் கையக் காட்டுனதும் ஓடி வந்து உக்காருது. பாப்பா அதப் பத்து தடவைக்கு மேல போட்டுப் பாத்துட்டு, இப்ப வளவுல முத்துவுக்குப் பின்னாடி நின்னு காலால தட்டிக்கிட்டு இருக்கா.